ஊரும் ஸ்டேஷனும் – 6: வயர் வாங்கிய பில்

ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டத்து மோட்டார் வயரை அறுத்து, ஆள் இல்லாத இடத்தில் வைத்து மேல் ரப்பரை எரித்து, செம்பை மட்டும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடும் திருட்டு தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பழகிப்போன ஒன்று. திருடியவன் கைக்கு வருவது சொற்பக் காசு. பறிகொடுத்தவருக்கோ புது வயர் செலவு, எலெக்ட்ரீஷியன் கூலி, அதற்கும் மேலே தண்ணீர் பாயாமல் போன நாட்கள். மேகமலை அடிவாரத்து ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சைதான் பேர் வாங்கிய வெள்ளாமை. கொத்து பருக்கிற நேரத்தில் மோட்டார் ஓடாவிட்டால் அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஓடைப்பட்டிக்கென்று தனியாகவே காவல் நிலையம் உண்டு. புகார் கொடுக்கச் சின்னமனூருக்கோ உத்தமபாளையத்துக்கோ போக வேண்டியதில்லை. இருந்தும் இப்படிப்பட்ட திருட்டில் பாதிப் பேர் படியேறுவதில்லை. “வயருக்குப் போயி ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலையவா?” என்பது ஒரு காரணம். இன்னொன்றை மெதுவாகத்தான் சொல்வார்கள்: “நாமதான் சொன்னோம்னு தெரிஞ்சுட்டா?” இந்தப் பயத்தை மதிக்காத எந்தத் திட்டமும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் தேறாது. அதற்கான காரணம் பழைய வரலாற்றில் இருக்கிறது.

ஸ்டேஷன்கள் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் காவல் என்பது ஊருக்கும் காவல்காரருக்கும் இடையிலான ஒப்பந்தம். மதுரைச் சீமையில் பெரும்பாலும் கள்ளர் சமூகத்தினர் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். ஊர் அவர்களுக்குத் தானியமாகவோ பணமாகவோ கூலி கொடுக்கும். மாடு களவு போனால் காவல்காரர் மீட்டுத்தர வேண்டும். முடியாவிட்டால் அதன் விலையைத் தர வேண்டும். 1906-ல் வெளிவந்த மதுரை மாவட்ட கெஜட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். பொருள் போனால் காவல்காரரே ஈடு கட்டும் இந்த நிபந்தனையை யோசிக்க யோசிக்க எனக்கு மதிப்பு கூடுகிறது. காவல் காப்பவர் ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை எழுத்தறியாத ஒரு காலம் இவ்வளவு தெளிவாக வைத்திருந்தது.

அந்தக் கடமை தளர்ந்தபோதுதான் கேடு வந்தது. காவல் கூலி தராத வீட்டு மாடு காணாமல் போகும். பிறகு நடுவில் ஒருவர் வந்து பேசுவார். துப்புக்கூலி கொடுத்தால் மாடு ஏதாவது ஒரு காட்டில் கட்டிக்கிடக்கும். காவலுக்குக் கொடுத்த கூலி மிரட்டலுக்குக் கட்டும் கப்பமாகிவிட்டது. 1896-ல் திண்டுக்கல் பக்கத்து ஊர்கள் ஒன்றுகூடி, இனிக் கள்ளர் காவல் வேண்டாம் என்று முடிவெடுத்தன. அந்த இயக்கம் மதுரை வரை பரவியது. கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பிடிக்காத காவலை மறுக்க ஊருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தில் வீடுகள் எரிந்தன. எந்தக் களவிலும் தொடர்பில்லாத குடும்பங்களும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டன.

அரசாங்கம் செய்தது அதைவிடக் கொடுமை. சிலர் செய்த களவுக்கு ஒரு சமூகத்தையே குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தியது. 1911-ம் ஆண்டுச் சட்டம் 1914-ல் கீழக்குயில்குடியில் தொடங்கிப் பிறமலைக் கள்ளர் ஊர்களில் அமலுக்கு வந்தது. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும்; வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்க 1947 வரை ஆயிற்று. இந்த ஊர்களில் ஸ்டேஷன் படியை மிதிக்கத் தயங்குகிறவரிடம், போலீஸ் உங்கள் நண்பன் என்று போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நண்பன் என்ற பேச்சை உண்மையாகவே முயன்று பார்த்தவர் ஒருவர் உண்டு. 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்த ஐ.பி.எஸ். அதிகாரி பிரதீப் வி. பிலிப். 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்தபோது ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பைத் தொடங்கினார். ஊர்க்காரர்களே தகவல் தருவார்கள், ரோந்துக்குத் துணை போவார்கள், சின்னத் தகராறுகளைப் பெரிதாகும் முன் ஸ்டேஷன் காதுக்குக் கொண்டுவருவார்கள் என்பது திட்டம். பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த பிறகு, அன்று ஸ்டேஷனில் தன்னார்வலர்கள் சிலரும் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் இந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் அல்ல என்று மறுப்பும் வந்தது. ஜூலையில் அரசு அமைப்பையே தடை செய்தது.

தடை சரியா தவறா என்ற விவாதத்தைவிட, லத்தி பிடித்த கையோடு நெருங்கி நிற்கும் ஊர்க்காரர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விதான் எனக்குப் பெரிது. துப்புக்கூலிக் காலத்துக் கேள்வியும் இதுவேதான். சாத்தான்குளம் ஸ்டேஷனின் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருமுனையில் கேமரா வைக்கக் கடைக்காரர்களிடம் பணம் திரட்டும்போது, ஸ்டேஷனுக்குள் இருக்கும் கேமரா ஓடுகிறதா என்று கேட்கவும் ஊருக்கு உரிமை உண்டு. கேட்டால் எஸ்.ஐ. கோபித்துக்கொள்வார் என்றால், அந்த ஒத்துழைப்பு ஒருபக்கத்து ஒத்துழைப்பு.

ஊர்க்காரர்கள் தங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய புரளியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பது அந்தத் தாய்மேல் சொல்லப்பட்ட குற்றம். விழிப்பு என்ற பெயரில் நடந்த அந்தக் கொலையை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. திருடன் அகப்பட்டால் மரத்தில் கட்டி வைத்து அடிக்கிற வழக்கமும் அதே பாதையில்தான் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-வது பிரிவு, கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் செய்பவரைப் பொதுமக்களே பிடிக்கலாம் என்கிறது. பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். அடிக்க அனுமதி எங்கேயும் இல்லை.

வயர் திருட்டுக்கு வருவோம். புதிய குற்றவியல் சட்டங்களில் தோட்டக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், முதல் முறை சிக்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகைத் திருட்டில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது; மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பசிக்குத் திருடியவனை ஜெயிலுக்கு அனுப்பாத நோக்கம் நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தோட்டத்தில் வெட்டப்பட்ட துண்டு வயருக்கு என்ன மதிப்புப் போடுகிறார்கள் என்பதில் வழக்கின் தலையெழுத்தே மாறிவிடுகிறது. ‘பழைய வயர், மதிப்பு குறைவு’ என்று எழுதிவிட்டால் அத்தோடு முடிந்தது.

அதனால் வயர் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். நீளம், வாங்கிய தேதி, விலை எல்லாம் புகாரில் இருக்கட்டும். கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். சும்மா வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். பக்கத்துத் தோட்டத்திலும் அதே வாரம் வயர் போயிருந்தால் அவரையும் தனியாகப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். நாலு ரசீது இருந்தால்தான் இது ஒரே கும்பலின் வேலை என்று ஸ்டேஷனுக்குப் புரியும். இரும்புக் கடையில் எரிந்த செம்பு வாங்கும்போது விற்றவர் பெயரும் போன் நம்பரும் நோட்டில் ஏற வேண்டும், ரோந்து வரும் ஏட்டு அந்த நோட்டைப் பார்க்க வேண்டும். இதற்குத் தனி இயக்கம் எதுவும் வேண்டாம்.

ஓடைப்பட்டி பேரூராட்சி என்பதால் கிராம சபை கிடையாது. ஊரே உட்கார்ந்து எஸ்.ஐ.யைக் கேள்வி கேட்க அந்த மேடை இல்லை. விவசாயிகளும் வியாபாரிகளும் மாதம் ஒரு முறை அவரை அழைத்து, இந்த மாதம் எத்தனை ரசீது, எத்தனை எஃப்.ஐ.ஆர்., மீட்ட பொருள் எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வைக்கலாம். தகவல் தந்தவர் பெயர் மட்டும் அந்தக் கூட்டத்தில் எக்காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது.

(தொடரும்)