வரி இல்லை, வரிசை உண்டு

துருக்கியின் மனிசா நகரில் ஒரு லாரி நிறைய வாஷிங் மெஷின் ஏற்றுகிறார்கள். போகவேண்டிய இடம் ஜெர்மனியின் மியூனிக். பல்கேரியா, செர்பியா, ஹங்கேரி, ஆஸ்திரியா என்று நான்கு நாடுகளைத் தாண்டி, 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டும். டீ ஆறுவதற்குள் நாமும் அந்த லாரியோடு ஒரு நடை போய்வருவோம்.

இந்த வழியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலோர் முதலில் கேட்பது இதுதான்: "துருக்கிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சுங்க ஒன்றியம் இருக்கிறதே, பிறகு எதற்கு எல்லையில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன?" நியாயமான கேள்வி. 1995 முடிவில் அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது உண்மை. தொழிற்சாலைப் பொருள்களுக்கு இரு பக்கமும் சுங்க வரி இல்லை என்பதும் உண்மை. ஆனால் வரி போனால் சுங்கச் சாவடியும் போய்விடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த விஷயத்தில் எல்லோரும் இடறுவது இங்கேதான்.

ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு காலி செய்து சாமான்களை வெளியே கொண்டுபோகிறோம். சாமான் நம்முடையது, யாருக்கும் பணம் தரவேண்டியதில்லை. ஆனாலும் வாசலில் காவலாளி நிறுத்துகிறார். அவர் காசு கேட்பதில்லை. சங்கத்தின் சீட்டைக் கேட்கிறார். சுங்க ஒன்றியத்தின் எல்லையும் அப்படித்தான். வரிச்சலுகை தானாக வந்து சேராது. சீட்டைக் காட்டினால்தான் கிடைக்கும்.

அந்தச் சீட்டுக்கு ஏ.டி.ஆர். என்று பெயர். இந்தப் பொருள் துருக்கியில் செய்யப்பட்டது என்று அது சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சொல்வது வேறு: கட்டவேண்டிய சுங்க வரி எதுவானாலும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, இந்தப் பொருள் உள்ளே தடையின்றிப் புழங்கலாம். தொழிற்சாலைப் பொருள்களுக்கு வெளிநாட்டு இறக்குமதி வரியை இரு பக்கமும் ஒரே விகிதத்தில் வைத்திருக்கிறார்கள். சீனாவில் செய்த மோட்டார் ஒன்று துருக்கியில் அந்த வரியைக் கட்டிவிட்டால், ஜெர்மனியில் மறுபடி கட்டவேண்டாம். அன்டால்யாவில் விளைந்த தக்காளிக்கு இந்தச் சீட்டு உதவாது. வேளாண் விளைபொருள்கள் சுங்க ஒன்றியத்துக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு எங்கே விளைந்தது என்று காட்டும் வேறு சான்று வேண்டும்.

இன்னொரு வரியும் இருக்கிறது. சுங்க வரி பூஜ்யமானாலும் ஜெர்மனி இறக்குமதியின்மேல் மதிப்புக்கூட்டு வரி போடும். வாஷிங் மெஷினுக்கு 19 சதவீதம். பதிவுபெற்ற வியாபாரி அதைத் தன் கணக்கில் பிறகு கழித்துக்கொள்வார். ஆனால் அதைக் கணக்கிடப் பொருளின் விலை என்ன, எண்ணிக்கை எத்தனை, வாங்குபவர் யார் என்று யாரோ ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். அதனால் சுங்க அறிவிப்பு இல்லாமல் சரக்கு உள்ளே போகாது.

சரி, இந்தக் கணக்கையெல்லாம் எங்கே முடிப்பது? எல்லையிலேயே முடிக்கவேண்டும் என்றால் எடிர்னே அருகிலுள்ள கப்பிக்குலே வாசல் திணறிப்போகும். அதற்காகத்தான் இடைவழிப் பயண முறை இருக்கிறது. மனிசாவிலேயே லாரிக்குச் சீல் வைத்து, டி-1 என்ற ஆவணத்தைத் திறக்கிறார்கள். சரக்கு வழியில் காணாமல்போனால் வரிப்பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் ஜாமீன் நிற்கிறார். வழியிலுள்ள நாடுகள் சீலையும் ஆவண எண்ணையும் பார்த்து அனுப்பிவிடலாம். மியூனிக் சுங்க அலுவலகம் சரக்கு வந்துசேர்ந்ததாகப் பதிவு செய்து முடித்தபின் ஜாமீன் விடுபடும். துருக்கி இந்த முறையில் சேர்ந்தது 2012 டிசம்பரில். செர்பியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை; ஆனால் 2016 முதல் இதில் இருப்பதால் அங்கே புதிதாக ஆவணம் திறக்கத் தேவையில்லை.

பல்கேரிய எல்லையைத் தொடுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாக, லாரியில் என்ன வருகிறது என்ற பாதுகாப்புத் தகவலும் கணினி வழியே போயிருக்கவேண்டும். அது போகாமல் லாரி போய் நின்றால், மற்ற காகிதங்கள் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

இனி லாரிக்கு வருவோம். சுங்க ஒன்றியம் சரக்குக்குத்தான் வழிவிட்டது. சரக்கைச் சுமக்கும் வண்டிக்கு விடவில்லை. துருக்கி லாரி வழியிலுள்ள பல நாடுகளைக் கடக்கப் பெர்மிட் வேண்டும். எத்தனை பெர்மிட் என்பதை இரு நாடுகள் பேசி ஆண்டுதோறும் முடிவு செய்கின்றன. ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் வரியில்லாத சரக்கு நகர வண்டியில்லாமல் கிடக்கும். தன் வழியே கடந்துபோகும் துருக்கி லாரிகளிடம் ஹங்கேரி வாகன வரி வாங்கிவந்தது. அது சுங்க வரிக்குச் சமமான கட்டணம், வாங்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பெர்மிட் முறை அதற்குப் பிறகும் தொடர்கிறது.

ஓட்டுநரின் நேரமும் கணக்கில் வரும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். எல்லை வரிசையில் போகும் நேரத்தைச் சேர்க்காமலே பயணம் நான்கு நாளை நெருங்கிவிடும். அதனால்தான் பலர் இஸ்தான்புல்லின் பெண்டிக் துறைமுகத்தில் லாரியைக் கப்பலேற்றி, இத்தாலியின் ட்ரியெஸ்ட்டேயில் இறக்குகிறார்கள். பல்கேரியாவிலிருந்து ஹங்கேரி வரை பெர்மிட்டும் வேண்டாம், வரிசையும் இல்லை. கப்பல் கட்டணம் கையைக் கடித்தாலும் வந்துசேரும் நாளை நம்பிச் சொல்லமுடிகிறது.

ஆக, அனுபவமுள்ளவர்கள் இந்தத் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுகிறார்கள். மியூனிக்கில் சரக்கை யார் பெயரில் விடுவிப்பது, வழியில் எந்த நாட்டுப் பெர்மிட் கையில் இருக்கிறது, டி-1க்கு ஜாமீன் யார், ஏ.டி.ஆர். தயாரா என்று பார்த்தபிறகுதான் லாரியைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு நாடுகளுக்கு நடுவே வரியே இல்லை என்று இனி யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வரி, எந்தப் பொருளுக்கு, வண்டிக்குமா?