பழைய சாம்ப்ளரில் ஒரு 'டிக்'

பெங்களூர் ஸ்ரீராம்புரம் போலத் தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளில் அம்மன் திருவிழா மேடைக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டும். அந்த மேடையில் ரிதம் பேடைத் தட்டினால் பறை ஒலிக்கும், கீபோர்டை அழுத்தினால் தம்புரா ஒலிக்கும். அவை எங்கோ உண்மை வாத்தியத்திலிருந்து பதிவு செய்து எடுத்த ஒலிகள். அப்படிப் பதிந்து, நறுக்கி, விசைக்கு ஒன்றாக ஒதுக்கித் தரும் கருவிதான் சாம்ப்ளர். 1979-இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஃபேர்லைட் என்ற சாம்ப்ளர் சாதாரணக் கலைஞர் நினைத்துப் பார்க்க முடியாத விலை. 1986-இல் ஜப்பானிய நிறுவனமான அக்காய் வெளியிட்ட எஸ்900-உம், 1988-இல் வந்த எஸ்1000-உம்தான் சாம்ப்ளரைப் பல ஸ்டுடியோக்களுக்குள் கொண்டுவந்தன. அந்தப் பெட்டிகளின் ஒலிக்காகவே இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கியபின் அடிக்கடி எழும் புகார், பதிவில் கேட்கும் 'டிக்' சத்தம். பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுகிறார்கள். அது அவசரம். டிக் எப்போது வருகிறது என்று கவனித்தாலே அது எங்கே பிறக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பல நேரம் அது பெட்டியின் மூப்பால் வருவதே இல்லை.

ஒலி என்பது பூஜ்யக் கோட்டுக்கு மேலும் கீழும் ஏறியிறங்கும் அலை. சாம்ப்ளர் அதன் உயரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து எண்களாக வைத்துக்கொள்கிறது. எஸ்1000-இல் 44,100 முறை. நீளமான பதிவிலிருந்து ஓர் அடியை நறுக்கி எடுக்கும்போது, அலை உச்சியில் இருக்கும் இடத்தில் வெட்டு விழுந்தால் என்ன ஆகும்? அமைதியாக இருந்த ஸ்பீக்கர் ஒரே கணத்தில் அந்த உச்சிக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவலைத்தான் காது 'டிக்' என்று கேட்கிறது. ஆகவே ஒலியின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் டிக் வந்தால் முதலில் கருவியை அல்ல, வெட்டைச் சந்தேகிக்க வேண்டும். வெட்டும் புள்ளியை அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகர்த்தினால் போதும். முடிவில் இரண்டு மூன்று மில்லிவிநாடி நேரம் ஒலியைத் தணித்து இறக்கினால் இன்னும் நல்லது.

தம்புரா போன்ற நீள ஒலியில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்900-இன் நினைவகம் 750 கிலோபைட். உயர்ந்த தரத்தில் பதிந்தால் சுமார் 12 விநாடிதான் கொள்ளும். கச்சேரி முழுக்க ஒலிக்க வேண்டுமென்றால் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட வேண்டும்; இதுதான் லூப். லூப் முடியும் இடத்து அலையும் அது மீண்டும் தொடங்கும் இடத்து அலையும் பொருந்தாவிட்டால் சுற்றுக்கு ஒரு டிக் விழும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அதே ஒலியை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துப் பாருங்கள். சாம்ப்ளர் அப்போது பதிவை இரு மடங்கு வேகத்தில் படிக்கும். டிக்கும் இரு மடங்கு வேகத்தில் வந்தால் அது பதிவுக்குள்தான் இருக்கிறது. வேகம் மாறாவிட்டால் வெளியே தேட வேண்டும். லூப்பே இல்லாத வழியும் உண்டு: இதே பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி பதிவு எதையும் சுழற்றவில்லை. மின்சுற்றிலேயே ஒலியைப் பிறப்பித்தது. அதனால் லூப்பின் ஒட்டுத் தழும்பு என்ற பேச்சே அதில் எழவில்லை. உண்மைத் தம்புராவின் ஒலிதான் வேண்டும் என்பவர்கள் அந்த ஒட்டைப் பொறுமையாகச் செய்தே ஆகவேண்டும்: இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று படரவிட்டுக் கலக்க வேண்டும்.

'கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை இல்லையே, பழைய பெட்டிதானே காரணம்?' என்று கேட்கலாம். கம்ப்யூட்டரிலும் அதே வெட்டு அதே டிக்கைத்தான் தரும். பல மென்பொருள்கள் வெட்டின் ஓரங்களைத் தாமாகவே மெழுகிவிடுகின்றன, அவ்வளவுதான். இதைவிட வலுவான ஆட்சேபம் தாளக்காரர்களுடையது: மெழுகினால் அடியின் கூர்மை போய்விடும் என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. பறையில் குச்சி விழும் முதல் ஓரிரு மில்லிவிநாடியில்தான் அதன் உயிர் இருக்கிறது. அங்கே ஒலியைத் தணித்து ஏற்றினால் பறை அட்டைப்பெட்டியாகிவிடும். அதனால்தான் தொடக்கத்தில் பூஜ்யப் புள்ளியில் வெட்டுவதை மட்டும் சொல்கிறேன், தணிப்பதெல்லாம் முடிவுக்கு. வேகமாக வாசிக்கும்போது மட்டும் டிக் வருகிறதென்றால் அது இன்னொரு விஷயம். எஸ்900-ஆல் ஒரே நேரத்தில் எட்டு ஒலிகளைத்தான் எழுப்ப முடியும். ஒன்பதாவது வந்ததும் முந்தைய ஒன்று பாதியில் அறுபடும், அந்த அறுப்பும் டிக்காகக் கேட்கலாம். அந்த ஒலியைத் தனியே வாசித்துப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

பெட்டிக்கு வெளியே பிறக்கும் டிக்குகளும் உண்டு. பதிவு செய்யும் நேரத்தில் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் நின்றாலோ ஃபேன் ஸ்விட்ச் போட்டாலோ அப்போது எழும் மின்பொறி மின்கம்பி வழியே பதிவில் ஏறிவிடலாம். இரண்டு கருவிகளை டிஜிட்டல் கேபிளால் இணைத்து, ஒன்றின் கடிகாரத்தை மற்றது பின்பற்றும்படி அமைக்காமல் விட்டாலும் தொல்லைதான். இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருந்தாலே சுமார் 2.3 விநாடிக்கு ஓர் அளவு தவறிப்போகும். தவறும் ஒவ்வொரு முறையும் டிக் எழ வாய்ப்புண்டு, அதுவும் ஒழுங்கான இடைவெளியில்.

மூப்பே காரணமாக இருப்பதும் உண்டு; அதற்கும் தனி அடையாளம் இருக்கிறது. உள்ளீட்டுப் பகுதியில் கன்டென்சர் கெட்டால் அலை முழுவதும் பூஜ்யத்திலிருந்து விலகி நிற்கக்கூடும். அப்போது எதையும் இணைக்காமல் வெறும் மௌனத்தைப் பதிந்து ஒலிக்கவிட்டாலும் தொடக்கத்தில் ஒரு டிக், முடிவில் ஒரு டிக் கேட்கும். நினைவகச் சிப் பழுதென்றால், புதிதாக எதைப் பதிந்தாலும் டிக் ஒரே இடத்தில் வந்து நிற்கும். கூடுதல் நினைவக அட்டை பொருத்தப்பட்டிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்து அதைக் கழற்றிவிட்டு மறுபடி பதிந்து பாருங்கள். டிக் மறைந்தால் மாற்ற வேண்டியது அந்த அட்டை ஒன்றைத்தான்.