அலையை வாங்கும் கற்கள்

மூச்சை அடக்கிக் கடலில் மூழ்குவோர், சிப்பிகள் பற்றி வளரும் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பர். முத்துப் பார்களால் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கடல், கரையோரத்தில் மிகவும் ஆழம் குறைந்தது. ஆதலால் பெருங்கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. தோணிகளே சரக்குகளைக் கொண்டுசென்றும் கொணர்ந்தும் உழைத்தன. கப்பல் கரைக்கு வர இயலாத இடத்தில் துறைமுகமே கடலுக்குள் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு அமைக்கப்பட்ட புதிய துறைமுகம் 1974 சூலை 11 அன்று நாட்டின் 10ஆவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

இத்துறைமுகத்தைக் காப்பவை கடலுக்குள் நீண்டு செல்லும் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள். வடக்கே உள்ளது ஏறத்தாழ 4.1 கிலோமீட்டர் நீளமும், தெற்கே உள்ளது ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் நீளமும் உடையவை. சுவர் என்பது வழக்குப் பெயரே. உண்மையில் இவை சாந்தின்றிக் குவிக்கப்பட்ட கல் மேடுகள். இத்தகைய மேட்டின் நடுவே சிறு கற்களும், அவற்றின்மேல் சற்றுப் பெரியவையும், அலை மோதும் புறத்தில் மிகப் பெரிய பாறைகளும் இடப்படும். உள்ளிருக்கும் சிறு கற்களைக் கடல் உருவிச் செல்லாதவாறு ஒவ்வோர் அடுக்கும் தனக்கு உட்பட்ட அடுக்கைக் காக்கிறது.

சாந்திட்டுக் கட்டிய செங்குத்துச் சுவரே உறுதியானது எனத் தோன்றலாம். ஆனால், அதில் மோதும் அலை ஆற்றல் குன்றாமல் திரும்பி, எதிர்வரும் அலையோடு சேர்ந்து உயரும். சுவரின் அடிமணலையும் அரிக்கும். கல் மேடோ அலையை எதிர்ப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது. சரிவில் ஏறும் நீர் கற்களின் இடுக்குகளில் புகுந்து, சிதறி, வலுவிழக்கிறது. அடிமண் சிறிது தாழ்ந்தாலும் கற்கள் தாமும் தாழ்ந்து பொருந்துமேயன்றிச் சுவரைப்போல் விரிசல் காண்பதில்லை. எனினும் கல்லின் எடையில் தவறு நேர்தல் கூடாது. அலையின் உயரம் இரு மடங்கானால், அதனைத் தாங்கும் கல்லின் எடை எட்டு மடங்காதல் வேண்டும்.

மனிதர் கல்லைக் குவித்துச் செய்த இவ்வேலையை மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் நெடுங்காலமாகச் செய்துவந்தன. கரடுமுரடான, துளைகள் நிறைந்த அப்பாறைகள் தீவுகளை அடையுமுன்பே அலைகளைத் தளர்த்தின. அவற்றின் உடலோ சுண்ணாம்பு. அதனால் கட்டடக் கல்லாகவும், சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கவும் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. கரையில் வீடுகள் எழ, கடலில் காவல் குறைந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவு 1986இல் ஏறத்தாழ 16 எக்டேர் பரப்புடையதாக இருந்தது. 2014இல் எஞ்சியது 2 எக்டேர் அளவே. 2001இல்தான் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன.

எஞ்சிய நிலத்தைக் காக்க, வான்தீவை அடுத்த கடலடியில் 10,000க்கும் மேற்பட்ட கான்கிரீட் கட்டமைப்புகள் இறக்கப்பட்டன. சரிவக வடிவமும் துளைகளும் கொண்ட அவை அலையின் விசையைக் குறைக்கின்றன. அவற்றின் துளைகளில் மீன்கள் ஒதுங்குகின்றன. இளம் பவளங்களும் அவற்றின்மேல் பற்றி வளரத் தொடங்கியுள்ளன.