கடைக்கு இரண்டு நாள் லீவு: குடும்பத்தோடு காவிரிக் கரைப் பயணம்

வியாபாரி வெளியூர் போவது மூன்று காரியத்துக்காகத்தான் என்று ஆகிவிட்டது. சரக்குப் பார்க்க, பாக்கி வசூலிக்க, கல்யாணம் காரியங்களில் தலைகாட்ட. மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு நிதானமாக ஊர் பார்த்து வந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. மே 5 வணிகர் தினத்தன்று கடை அடைக்கிறோம். ஆனால் அது மாநாட்டுக்குப் போகும் நாள்.

நாம் அறிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர், "தீபாவளி போகட்டும், பரீட்சை முடியட்டும்" என்று வருடா வருடம் தள்ளி வந்தார். பெண் கல்யாணமாகி வடநாட்டுக்குப் போய்விட்டது. இத்தனை பக்கத்தில் இருந்தும் பூம்புகார்க் கடலை அவளுக்குக் காட்டவில்லையே என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நமக்கு அந்த நிலை வரவேண்டாம். கொள்முதலுக்குத் திட்டம் போடுவதுபோல் இதற்கும் போட்டால் போதும்.

எப்போது புறப்படுவது?

மாதத்தின் முதல் பத்து நாள் வாடிக்கையாளர் மாதச் சாமான் எடுக்கும் காலம். அதைத் தொடக்கூடாது. 20 தேதிக்கு மேல் வரும் சனி, ஞாயிறுதான் நமக்குத் தோது. தீபாவளி, பொங்கலுக்கு முந்திய வாரங்கள் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா புயல் நம் டெல்டாவைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி வரை வெயில் இதமாக இருக்கும். ஆனால் அது சம்பா அறுவடைக் காலம். கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும், அறுவடை இயந்திரங்கள் எதிரே வரும். பகலில் மெதுவாகப் போனால் தொந்தரவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறுகளில் ஓடும் ஆடி, ஆவணி மாதங்களும் நல்லவை. ஆடிப்பெருக்கன்று மட்டும் படித்துறைகளில் கூட்டம் நெரியும்.

எந்த வண்டி?

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கடைக்குச் சரக்கு ஏற்றும் வேனில் ஜமக்காளம் விரித்து, குடும்பத்தைப் பின்னால் உட்கார வைத்துப் போகும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அறவே கூடாது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்லும் ஆட்களுக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்துள்ளது. விபத்து நேர்ந்தால் உயிருக்கும் ஆபத்து, கடையும் கடனில் மூழ்கும்.

வாடகைக்கு எடுத்தால் மஞ்சள் போர்டு வண்டியாகவே எடுக்க வேண்டும். வெள்ளை போர்டு காரை நூறு, இருநூறு மிச்சம் என்று வாடகைக்கு எடுப்பது சட்டப்படி சரியல்ல. காரைக்கால் பக்கம் போவதானால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் பெர்மிட் பற்றி முன்னதாகவே கேட்டுவிடுங்கள். பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். டிரைவருக்குப் பேட்டாவோடு சாப்பாடும் தூக்கமும் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வண்டி ஓட வேண்டாம்.

எந்த வழி?

தஞ்சையிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு வழி சொல்கிறோம்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுத் திருவையாறு. காவிரிப் படித்துறையும் தியாகராஜர் சமாதியும் பார்த்து, அசோகா அல்வா வாங்கிக்கொண்டு, ஆற்றை ஒட்டியே சுவாமிமலை. முருகனைத் தரிசித்தபின், ஸ்தபதிகள் காவிரி வண்டல் மண்ணால் வார்ப்பு அச்சு கட்டி ஐம்பொன் சிலை செய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் பெரியவர்களின் ஓய்வுக்கும் ஒதுக்குங்கள். மாலையில் தாராசுரம். இரண்டாம் இராசராசன் கட்டிய இக்கோயில் 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம் பெரிய கோயில் 1987-இலேயே சேர்ந்துவிட்டது. இரவு கும்பகோணத்தில் தங்கல். பித்தளைப் பாத்திரக் கடைகளைப் பார்க்க வீட்டுப் பெண்களுக்கு நேரம் கொடுங்கள்.

இரண்டாம் நாள் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். பழைய காவிரிப்பூம்பட்டினம் நம் தொழிலின் தாய்வீடு அல்லவா? அந்நகர வணிகர்கள் நியாயத்துக்கு மேல் வாங்காமலும் அளவு குறையாமல் கொடுத்தும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அதை அந்தக் கரையில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்வது தனி. பிறகு தரங்கம்பாடி. மிளகு வியாபாரத்துக்காக வந்த டென்மார்க்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே இருக்கிறது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இருட்டுவதற்குள் திரும்பும் வழியில் ஏறிவிட வேண்டும்.

கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். நம் டெல்டாச் சாலையில் ஊருக்கு ஊர் கடைத்தெரு, வளைவு, குறுகலான பாலம். மணிக்கு 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

ஆற்றில் குளிப்பதில் கண்டிப்பு வேண்டும். மணல் எடுத்த பள்ளம் தண்ணீருக்குள் தெரியாது. படித்துறை இல்லாத இடத்தில், குறிப்பாகக் கொள்ளிடத்தில், யாரையும் இறங்க விடாதீர்கள். பூம்புகார் முகத்துவாரத்திலும் அப்படியே.

செலவும் சாப்பாடும்

வண்டி, தங்கல், சாப்பாடு, கோயில், சில்லறைச் செலவு என்று ஐந்து தலைப்பில் எழுதி, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்குச் சேருங்கள். கல்லாவிலிருந்து அள்ளிப் போகாமல் சொந்தப் பற்றில் எழுதி எடுங்கள். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு போதும்: இட்லி மிளகாய்ப்பொடி, புளியோதரை. தயிர் சாதத்தை மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பெரியவர்களின் மாத்திரையும் குடிதண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கடைக்கு ஏற்பாடு

ஒரு வாரம் முன்பே கடை வாசலில் போர்டு வையுங்கள். வாடிக்கையாளர் முந்தின நாளே சாமான் வாங்கி வைப்பார். வியாபாரம் பெரும்பாலும் கைவிட்டுப் போகாது. அந்த இரண்டு நாளில் வரும் செக்குகளுக்குப் பாங்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைப் பையன்களுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு.

எங்கே போகலாம் என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யாமல், பொட்டலம் கட்டியும் கணக்கு எழுதியும் வருடம் முழுதும் கூட உழைக்கும் வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஊரை முதலில் எழுதுங்கள். இன்றே காலண்டரில் தேதியைக் குறித்துவிடுங்கள்.