கரிச்சதுப்பும் வெட்டுரிமையும்

அயர்லாந்து நாட்டுச் சிற்றூர்களில் விறகுக்கு ஈடாக எரிவது ஒருவகைக் கரிய கட்டி. பார்வைக்கு மண், உண்மையில் மக்காது தங்கிய செடிகளின் தொகுதி. தமிழில் இதனை முற்றா நிலக்கரி என்பர். மலாய் மொழியில் 'கம்புட்' எனப்படுவதும் இவ்வினத்ததே.

இஃது உண்டாவது எங்ஙனம்? பனியூழி முடிந்தபின், நடு அயர்லாந்தின் ஏரிப் பள்ளங்கள் மெல்லத் தூர்ந்தன. அவற்றின்மேல் ஸ்பாக்னம் என்னும் பாசி படர்ந்தது. தன் எடையினும் பன்மடங்கு நீரைத் தேக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. நீர் நிறைந்த இடத்தில் காற்றுப் புகாது. ஆதலின் இறந்த பாசி முற்றும் மக்குவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்ந்து, நிலம் குவிந்த மேடாகிறது. ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால், ஆயிரம் ஆண்டு வளர்ச்சி அகன்றது என்பது பொருள்.

வீட்டடுப்புக்கு இதனை வெட்டிக்கொள்ளும் உரிமைக்கு 'டர்பரி' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல், குடியானவர்கள் நிலக்கிழார்களிடமிருந்து நிலம் வாங்கியபோது, பலருக்கு இவ்வுரிமையும் உடன் வந்தது. எனவே இது சலுகையன்று, சொத்து.

சிக்கல் எழுந்தது 1992இல். ஐரோப்பிய வாழிட ஆணை, உயிருள்ள மேட்டுச் சதுப்புகளைக் காக்கவேண்டும் என்றது. அயர்லாந்து 53 சதுப்புகளைக் காப்பிடங்களாகக் குறித்தது. எனினும் வீட்டுத் தேவைக்கு வெட்டுவோர்க்கு 1999இல் பத்தாண்டுத் தவணை அளித்தது. தவணை முடிந்து தடை வந்தபோது பலர் பணிய மறுத்தனர். ஆண்டுக்கு 1,500 யூரோ வீதம் 15 ஆண்டுகள் இழப்பீடு, அல்லது வேறு சதுப்பில் இடம் என்று அரசு கூறியது.

வெட்டுவோரின் குறை பொருளற்றதன்று. 1946இல் அமைந்த போர்ட் நா மோனா என்னும் அரசு நிறுவனம் பல்லாண்டுகள் பேரளவில் சதுப்புகளை அகழ்ந்தது. அகழ்வை அடியோடு நிறுத்தியதாக 2021இல்தான் அறிவித்தது. அரசு அள்ளியபின் ஏழையின் அடுப்பைத் தடுப்பது முறையோ என்று அவர்கள் கேட்கின்றனர்.

ஆனால் நீர் வரப்பறியாது. ஏரிக்கரையை ஓரிடத்தில் உடைத்தால் வடிவது ஏரி முழுவதும் அன்றோ? ஓரத்தில் வெட்டினும் நடுச்சதுப்பு வறண்டு தாழும். கிளாரா சதுப்பில், குறுக்கே செல்லும் சாலையருகே நிலம் பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. பழைய 'ஷ்லான்' மண்வெட்டியின் இடத்தை இன்று பெரும்பாலும் பொறி பிடித்துக்கொண்டது. உரிமை பழையது, கருவி புதியது. அயர்லாந்தின் மேட்டுச் சதுப்பில் உயிரோடு எஞ்சியது நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. உலக நிலத்தில் 3 விழுக்காடே ஆயினும், இத்தகைய நிலங்கள் காட்டு மரஞ்செடிகள் அனைத்தினும் மிகுந்த கரியைப் புதைத்து வைத்துள்ளன. வறண்டால் அது காற்றில் கலக்கும்.

2022இல் வந்த விதி, கடையிலும் இணையத்திலும் இக்கட்டியை விற்பதைத் தடுத்தது. உரிமையுடையோர் தம் வீட்டுக்கு வெட்டுவதைத் தடுக்கவில்லை. காப்பிடங்களில் வெட்டு நிற்கவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2024இல் அயர்லாந்தை நீதிமன்றத்துக்கு அனுப்ப முடிவு செய்தது.

தீர்வு யாது? உரிமை பிறந்தது குளிர் காய்வதற்காக. சதுப்பை அழிப்பதற்காக அன்று. வெப்பத்துக்கு வேறு வழியை முன்னரே உறுதி செய்துவிட்டுப் பின் தடுத்தால், உரிமையும் நிற்கும், சதுப்பும் நிற்கும். பத்தாண்டுத் தவணை அதற்கே பயன்பட்டிருக்க வேண்டும். அடுப்பு அணைந்தபின் வரும் அறவுரை எவர் செவியிலும் ஏறாது.