கிழக்குக் கடலோரமாக – 9: சாமிக்குக் காய்ச்சல்

“தரிசனம் கிடையாது மாவுசி. காலியாவுக்குக் காய்ச்சல்.”

புரி ரயில் நிலைய வாசலில் ஆட்டோக்காரர் இப்படிச் சொன்னதும், அவர் வீட்டுப் பிள்ளை யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். “டாக்டரிடம் காட்டினீர்களா?” என்று அரைகுறை இந்தியில் விசாரித்தும் வைத்தேன். மனிதர் பக்கத்து ஆட்டோக்காரர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். காலியா என்றால் கறுப்பன். உலகத்துக்கெல்லாம் ஜகந்நாதர், புரிக்காரர்களுக்குக் காலியா. மாவுசி என்றால் அம்மாவோடு பிறந்தவள். ஆக, ஊருக்குள் கால் வைக்கும் முன்பே நான் சின்னம்மா ஆகிவிட்டேன், சாமி சீக்காளி ஆகிவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். போய் இறங்கிய நாள் 2022 ஜூன் 15. நமக்கு ஆனி பிறக்கிற நாள். ஒடிசாவில் ‘ரஜ’ பண்டிகையின் நடுநாள். ரஜ பார்த்த கையோடு கோயிலுக்கும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டவள், முந்தைய நாள் ஸ்நான பூர்ணிமா என்பதைக் கவனிக்கவில்லை. அன்று ஜகந்நாதர், அண்ணன் பலபத்ரர், தங்கை சுபத்திரை, கூடவே சுதர்சனம் எல்லோரையும் மதிலோர மேடைக்குக் கொண்டுவந்து, ஊரே பார்க்க 108 குடம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறார்கள். பிறகு யானை வேஷம் போட்டு அழகு பார்க்கிறார்கள். வெயில் காலமென்றாலும் 108 குடம் என்றால் யாருக்குத்தான் தாங்கும்? ராத்திரியே காய்ச்சல் கண்டுவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த நாட்களுக்கு ‘அணசர’ என்று பெயர்.

மூலவர்கள் மரத்தால் ஆனவர்கள், மேனி முழுக்க வண்ணம் தீட்டியவர்கள். அத்தனை தண்ணீரில் சாயம் கரையாமல் இருக்குமா? கரைந்ததைப் புதுப்பிக்க அவகாசம் வேண்டும். இது வெளியூர்க்காரி போடும் கணக்கு. ஆட்டோக்காரரிடம் சொன்னேன். “அதுவும் உண்டு” என்றவர், “ஆனால் காய்ச்சல் காய்ச்சல்தான்” என்று முடித்துவிட்டார்.

காய்ச்சலுக்கு உண்டான பத்தியமும் நடக்கிறது. அந்த நாட்களில் ஜகந்நாதருக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு மண்பானைகளில் சோறு பொங்கும் கோயில் அது. அங்கே அவருக்கு மட்டும் பழமும் பானகமும். மேனிக்குத் தடவ ‘புலுரி’ என்றொரு தைலம். நல்லெண்ணெயில் தாழம்பூ, மல்லிகை, மகிழம்பூ, சண்பகம், வாசனை வேர்கள் போட்டு, முந்தைய ஆண்டே மண்ணுக்குள் புதைத்து வைத்து எடுப்பது. அதற்குமேல் தசமூல மருந்து. எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் எழுதிக்கொடுக்கிற சீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கோயிலுக்குள் போகத் தடையில்லை. போனேன். சந்நிதியை மூங்கில் தட்டியால் மறைத்து, அதில் மூன்று ஓவியத் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சாமி எழுந்து வரும்வரை கும்பிடு இந்தப் ‘பட்டி’களுக்குத்தான். துணியைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, சுண்ணாம்புப் பொடி பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி வரைவது பட்டசித்திரம். வெள்ளைக்குச் சங்கு, சிவப்புக்கு இங்குலிகம், மஞ்சளுக்கு அரிதாரம், கறுப்புக்கு விளக்குக் கரி. எனக்கு முன்னால் நின்ற பாட்டி ஒருத்தி அந்தத் துணியைப் பார்த்து என்னவோ முணுமுணுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மொழி தெரியாவிட்டாலும் தொனி தெரிந்தது. வேண்டுதல் அல்ல அது. ‘இப்போ எப்படி இருக்கு?’ என்கிற விசாரிப்பு.

*

போன வாரம் ஸ்ரீகூர்மத்தில் நிறுத்தியிருந்தேன். ஸ்ரீகாகுளம் ரோட்டில் ரயிலேறி, குர்தா ரோட்டில் மாறி, புரிக்கு வந்தேன். இதே தூரத்தை எதிர்த்திசையில் ஒரே ராத்திரியில் கடந்தவர் ராமாநுஜர் என்று வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்லும். புரிக்கு வந்தவர், இங்கே வழிபாடு ஒழுங்கில்லாமல் இருக்கிறது, பாஞ்சராத்திர முறைப்படி திருத்தி அமைப்போம் என்று தொடங்கினாராம். ஜகந்நாதருக்கு அது பிடிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவரை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் ஸ்ரீகூர்மத்தில் விட்டுவிட்டார். விடிந்து கண் விழித்தால் வேறு ஊர்!

ஸ்ரீரங்கத்தில் அத்தனை சீர்திருத்தம் செய்தவருக்கு இங்கே ஏன் செல்லவில்லை என்பது, அணசர அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் விளங்கும். அந்த நாட்களில் சாமிக்குப் பக்கத்தில் இருக்கும் உரிமை தைத்தாபதிகளுக்கு. இவர்கள் விஸ்வாவசு என்ற சவரர் தலைவனின் வழியில் வந்தவர்கள் என்பது ஐதீகம். ஜகந்நாதரின் முந்தைய வடிவமான நீலமாதவனைக் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் வணங்கிவந்தவன் விஸ்வாவசு. அந்த இடத்தைக் கண்டறிய இந்திரத்யும்ன ராஜா அனுப்பிய பிராமணர் வித்யாபதி. அவர் விஸ்வாவசுவின் மகள் லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டு, மாமனாரைச் சம்மதிக்க வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் கடுகைத் தூவிக்கொண்டே போனார். மழை பெய்தது, கடுகு முளைத்தது, பாதை தெரிந்துவிட்டது. ஆக, தைத்தாபதிகள் சாமிக்குப் பூசாரிகள் அல்ல, உறவுக்காரர்கள். காய்ச்சலில் கிடக்கிறவரைப் பார்த்துக்கொள்ள உறவுக்காரர்தான் வேண்டும். விதிமுறைப் புத்தகம் எதற்கு?

அந்த உறவு சாவு வரைக்கும் போகிறது. ஆஷாட மாதம் இரட்டிக்கிற ஆண்டுகளில், புது வேப்பமரம் தேடி வெட்டி, புது மூர்த்திகள் செய்கிறார்கள். இதற்கு நவகளேபரம் என்று பெயர். கடைசியாக நடந்தது 2015-இல், அதற்கு முன் 1996-இல். கண்ணைக் கட்டி, கைகளில் துணி சுற்றி, பழைய உடலிலிருந்து ‘பிரம்ம பதார்த்தம்’ என்பதை எடுத்துப் புதியதற்குள் வைக்கிறார் தைத்தாபதி. பழைய மூர்த்திகளைக் கோயில் வளாகத்திலுள்ள கோய்லி வைகுண்டத்தில் புதைக்கிறார்கள். அதன்பின் தைத்தாபதிகள் பத்து நாள் தீட்டுக் காத்து, தலையை மழித்துக்கொள்கிறார்கள். சாமிக்குக் காரியம் செய்கிற ஊரில் ஆகமம் பேசினால் எடுபடுமா?

ராமாநுஜர் போய்விட்டாலும் தமிழ்ச் சுவடு போய்விடவில்லை. அணசர நாட்களில் ஜகந்நாதரைப் பார்க்க முடியாதவர்கள் பிரம்மகிரியிலுள்ள அலார்நாத் கோயிலுக்குப் போகிறார்கள். சைதன்யர் ஏற்படுத்திய வழக்கம் என்கிறார்கள். ஆழ்வார்நாதன்தான் அலார்நாத் ஆனது என்பது அங்கே வழங்கும் பெயர்க்காரணம். பிரசாதம் பாற்சோறு.

*

சாமிதான் படுத்துவிட்டார். நான் வந்த வேலையான ரஜ என்ன ஆயிற்று?

‘பன்னிரண்டு மாதம், பதின்மூன்று பண்டிகை’ என்று ஒடியர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள். அந்தப் பதின்மூன்றில் ரஜ போல் வேறொன்றை நான் கண்டதில்லை. முதல் மழைக்கு முன்னால் பூமித்தாய்க்கு மாதவிலக்கு வருகிறது என்பது நம்பிக்கை. ரஜஸ்வலா என்ற சொல்லிலிருந்துதான் ரஜ. மூன்று நாள் மண்ணில் ஏர் படாது, மண்வெட்டி படாது. வெறுங்காலால் அழுத்தி மிதிக்கக்கூட மாட்டார்கள். பூமிக்கு ஓய்வென்றால் பெண்களுக்கும் ஓய்வு.

புரியில் நான் தங்கிய வீட்டம்மாவுக்குச் சொந்த ஊர் பக்கத்துக் கிராமம். என்னையும் அழைத்துப்போனார். ஊர் எல்லையில் ஆலமரம். வடக்கயிறு கட்டி, பலகை போட்டு, பூச்சுற்றிய ஊஞ்சல். புதுப் பாவாடையும் காலில் செம்பஞ்சுக் குழம்புமாகப் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி உந்த, ஒருத்தி பறக்க, மற்றவர்கள் பாட்டு. பாட்டிமார் ஒரு திண்ணையில் வெற்றிலை மென்றபடி தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் வீட்டம்மாவின் மகன்! சாம்பார் கரண்டியைப் பிடிக்கிற மாதிரி இல்லாமல், கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோல் கரண்டியைப் பிடித்திருந்தான்.

சாப்பிடக் கொடுத்தது போட பிட்டா. அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து, வெல்லம், தேங்காய்ப் பல், ஏலக்காய் சேர்த்து, வாழையிலையில் பொதிந்து, கீழேயும் மேலேயும் தணல் போட்டு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுவது. காலையில் திறந்தால் மேலே கருகல் நிறம், உள்ளே பஞ்சு. ஓரத்து முறுகலுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். ராத்திரியோடு வேலை முடிந்துவிடுவதால் விடிந்தபின் யாரும் அடுப்பைப் பார்க்க வேண்டாம் என்பது அதன் சூட்சுமம்.

தமிழில் இந்த மூன்று நாளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘வீட்டுக்குத் தூரம்’. பெயரிலேயே பெண்ணைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டோம். இங்கே ஊஞ்சல் கட்டுகிறார்கள். மனசு நெகிழ்ந்து போய் வீட்டம்மாவிடம், “அப்படியானால் உங்கள் வீட்டில் அந்த நாளில் பூஜை அறைக்குள் போவீர்களா?” என்று கேட்டேன். பாக்கை மெல்வதை நிறுத்தினார். “பூமிக்கு வந்தால் பண்டிகை. நமக்கு வந்தால் வழக்கம்போலத்தான் மாவுசி” என்றார். அவர் பேத்தி ஊஞ்சலில் இருந்து, “இனிமேல் அப்படி இல்லை” என்று கத்தினாள். ஊஞ்சல் அவளை மேலே கொண்டுபோய்விட்டது.

நான்காம் நாள் காலை வசுமதி ஸ்நானம். பூமித்தாயைக் குளிப்பாட்ட வேண்டும். ஆனால் பூமியை எங்கே என்று குளிப்பாட்டுவது? அம்மிக்கல்லை எடுத்து வந்தார்கள். வருஷம் முழுக்க மிளகாயும் கடுகும் அரைபட்ட கல். அதற்கு மஞ்சள் பூசி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, சிந்தூரம் இட்டு, பூ வைத்தார்கள். வீட்டம்மா அந்தக் கல்லைத் துடைத்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தலைப்பிள்ளை பெற்ற மகளுக்கு வெந்நீர் ஊற்றிய கையால் முதுகு துடைக்கிற பதம். குளித்ததால் படுத்தவர் ஒருவர்; ஓய்வெடுத்து எழுந்து குளிக்கிறவள் ஒருத்தி. ஒரே வாரத்தில், ஒரே ஊரில் இரண்டும்.

*

புரிக்குத் திரும்பியபோது ‘படதாண்ட’ என்கிற பெரிய வீதி முழுக்க மரச்சிராய். அரண்மனை வாசலில் தேர் வேலை. 2020-லும் 2021-லும் கொரோனாவால் பக்தர்கள் இல்லாமலே தேர் ஓடியது. 2022-இல் ஜூலை 1 அன்று கூட்டத்தோடு ஓடவிருந்தது என்பதால் வேடிக்கை பார்க்கவே கூட்டம்.

நம் ஊர்த் தேர் தேர்முட்டியில் தலைமுறை தலைமுறையாக நிற்கும். இங்கே வருஷா வருஷம் புதுத் தேர். மரம் நயாகட், குர்தா காடுகளிலிருந்து வருகிறது. அட்சய திருதியை அன்று வேலை தொடங்குகிறது. ஜகந்நாதரின் நந்திகோஷத்துக்கு 16 சக்கரம், பலபத்ரரின் தாளத்வஜத்துக்கு 14, சுபத்திரையின் தர்ப்பதளனத்துக்கு 12. மொத்தம் 42 சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஆளுயரம். வரைபடம் என்று எதுவும் இல்லை. மகாராணா என்று அழைக்கப்படும் தச்சர்கள் அப்பா சொல்லித் தந்த அளவுக்கோலை வைத்தே செய்கிறார்கள். ஒருவர் குடத்தில் ஆரக்கால் இறக்கிக்கொண்டிருந்தார். வாய்ச்சியால் இரண்டு செதுக்கு, பொருத்திப் பார்த்தல், இன்னொரு செதுக்கு. நாலாவது தடவை ‘டொப்’ என்று உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த காலை எடுத்தார்.

எல்லாம் ஒன்பது நாள் வாழ்வுக்கு. காய்ச்சல் தெளிந்து எழுந்த சாமிக்கு இடம் மாற்றம் தேவை. அண்ணன் தங்கையோடு சுமார் 3 கிலோமீட்டர் தள்ளியுள்ள குண்டிச்சா கோயிலுக்குப் போகிறார். மாவுசி வீடு என்றுதான் அதைச் சொல்கிறார்கள். கஜபதி ராஜா தங்கப்பிடி போட்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்கிவிட்டபின் வடம் பிடிக்கிறார்கள். விட்டுவிட்டுப் போன கோபத்தில் ஐந்தாம் நாள் லட்சுமி தேடிப்போய், நந்திகோஷத்தில் ஒரு துண்டை உடைத்துவிட்டு வருகிறாள். திரும்பி வருகிற வழியில் மாவுசிமா கோயிலில் அதே போட பிட்டா. வீட்டு வாசலிலோ கதவடைப்பு, வாக்குவாதம், கடைசியில் ரசகுல்லா கொடுத்துச் சமாதானம். ஸ்ரீரங்கத்து மட்டையடியைப் பார்த்தவர்களுக்குக் கதை புதிதல்ல, இனிப்புதான் புதிது. அந்த ஒடிசா ரசகோலா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

எல்லாம் முடிந்ததும் தேரைப் பிரித்துவிடுகிறார்கள். சக்கரம் போன்ற சில பாகங்களைப் பக்தர்கள் விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். மிச்ச மரம் கோயில் அடுப்புக்கு விறகாகிறது. தேருக்கும் ஆயுசு உண்டு.

ஊருக்குக் கிளம்பும் சாயங்காலம், அதே ஆட்டோ. “இவ்வளவு தூரம் வந்தும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே” என்று நான்தான் புலம்பினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “உடம்பு சரியில்லாத நேரத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைத்தான் காலியா ஞாபகம் வைத்திருப்பான் மாவுசி. தேருக்கு எல்லோரும்தான் வருவார்கள்.”

சிங்கவாசலைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தச் சொன்னேன். உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்கக் கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்பாள் அம்மா. தள்ளுவண்டியில் அரை டஜன் வாழைப்பழம் வாங்கினேன். உள்ளே கொடுக்க வழியில்லை என்று தெரியும். கோபுரம் பார்க்க ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, ஆட்டோக்காரரிடம் பாதியை நீட்டினேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இருவரும் தின்றோம்.

(பயணம் தொடரும்)