ஒரு கிலோ குறைந்தால் நான்கு கிலோ குறையுமா?

ஸ்போர்ட்ஸ் பைக் பிரியர்கள் மத்தியில் ஒரு கணக்கு நெடுநாளாகப் புழங்கிவருகிறது. சக்கரத்தில் ஒரு கிலோவைக் குறைப்பது வண்டியில் நான்கு கிலோவைக் குறைப்பதற்குச் சமம் என்பதுதான் அது. இத்தாலியின் மார்க்கெசினி, ஓஇசட், இங்கிலாந்தின் டைமேக், தென்னாப்பிரிக்காவின் பிஎஸ்டி, ஸ்லோவேனியாவின் ரோட்டோபாக்ஸ் என எடை குறைந்த வீல்களுக்கே பேர்போன நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றின் உயர்ரக ஜோடி ஒன்றுக்கு ஆகும் பணத்தில் இங்கே புது பைக்கே எடுத்துவிடலாம். பணத்தைப் போடுவதற்கு முன் அந்தக் கணக்கைச் சரிபார்த்துவிடுவது நல்லது. பிளஸ் ஒன் இயற்பியலே அதற்குப் போதும்.

கணக்கு சொல்வது என்ன?

ஓடும் சக்கரத்துக்கு இரண்டு வேலைகள்: வண்டியோடு முன்னே நகர வேண்டும், தன் அச்சிலும் சுழல வேண்டும். இரண்டுக்கும் ஆற்றல் தருவது எஞ்சின்தான். சுழற்சிக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பதை நிலைமத் திருப்புத்திறன் தீர்மானிக்கிறது. அது எடையை மட்டும் பொறுத்ததல்ல; அச்சிலிருந்து அந்த எடை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஆகவே, நடுவில் உள்ள ஹப்பில் 100 கிராம் குறைத்தால் சுழற்சியில் பெரிதாக எதுவும் மாறாது. அதே 100 கிராமை ரிம்மில் குறைத்தால் மாறும்.

எவ்வளவு மாறும்? ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் ரிம் பெரும்பாலும் 17 அங்குலம், ஆரம் 21.6 செ.மீ. அதில் 120/70 அளவுள்ள முன் டயரை மாட்டினால் சக்கரத்தின் மொத்த ஆரம் சுமார் 30 செ.மீ. ஆகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 880 முறை சுழலும். அப்போது ரிம்மில் உள்ள ஒரு கிலோவிடம் முன்னே நகர்வதால் 386 ஜூல், சுழல்வதால் 200 ஜூல் என மொத்தம் 586 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். பெட்ரோல் டேங்கில் உள்ள ஒரு கிலோவுக்கு 386 ஜூல் மட்டுமே. ஆக, ரிம்மில் உள்ள ஒரு கிலோ, முடுக்கத்தைப் பொறுத்தவரை ஒன்றரைக் கிலோவுக்குச் சமம். டயரின் வெளிவிளிம்பிலேயே இருந்தாலும் இரண்டைத் தாண்டாது. நான்கு என்பதற்கு இயற்பியலில் இடமில்லை.

இதை வண்டியில் பொருத்திப் பார்ப்போம். 170 கிலோ பைக், 75 கிலோ ஓட்டுநர். புது வீல்களால் இரண்டு ரிம்களிலும் சேர்த்து 3 கிலோ குறைகிறது என்றால் அது நாலரைக் கிலோ குறைந்த பலனைத் தரும். மொத்த எடையில் 2 சதவீதத்துக்கும் கீழே. பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 7 நொடியில் தொட்ட வண்டி சுமார் 6.9 நொடியில் தொடும். ஓட்டுநர் ஐந்து கிலோ இளைத்தாலும் இந்தப் பலன் செலவில்லாமல் கிடைத்துவிடும்!

இன்னொன்று: டயர் இருப்பது ரிம்முக்கும் வெளியே. ஒரே அளவுள்ள டயர்களிலும் மாடலுக்கு மாடல் எடை மாறும். அரைக் கிலோ குறைந்த டயர், அரைக் கிலோ குறைந்த ரிம்மைவிட அதிகப் பலன் தரும். வீலை மாற்ற நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது டயரைத்தான்.

உண்மையான லாபம் எங்கே?

அப்படியானால் பந்தய அணிகள் ஏன் வீலுக்கு இவ்வளவு செலவழிக்கின்றன? காரணம், லாபம் நேர்ச்சாலையில் இல்லை. மேடுபள்ளத்திலும் வளைவிலும் இருக்கிறது.

சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரம், டிஸ்க், காலிப்பர் போன்றவற்றின் எடையை ஸ்ப்ரிங் தாங்குவதில்லை. சாலையின் ஒவ்வொரு அதிர்விலும் அவை நேரடியாக ஏறி இறங்குகின்றன. அந்த எடை கூடக்கூட, மேட்டில் ஏறிய சக்கரம் உடனே இறங்காமல் தாமதிக்கும். அந்த நேரத்தில் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடி தளரும். முன்பக்கத்தில் இந்த எடை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றரைக் கிலோ போனால் 10 சதவீதம் குறைகிறது. முடுக்கத்தில் 2 சதவீதத்தைக்கூடத் தொடாத அதே மாற்றம், இங்கே ஓட்டுபவர் கையில் உணரும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது.

அடுத்தது கைரோஸ்கோப் விளைவு. வேகமாகச் சுழலும் சைக்கிள் சக்கரத்தை அச்சில் இருபுறமும் பிடித்துக்கொண்டு சாய்த்துப் பாருங்கள்; கை திமிறும். சக்கரத்தின் கோண உந்தம் திசைமாற்றத்தை எதிர்ப்பதுதான் காரணம். இடமும் வலமுமாக அடுத்தடுத்துச் சாய வேண்டிய வளைவுகளில் இந்த எதிர்ப்பை ஓட்டுநர் ஹேண்டிலில் தள்ளித்தான் வெல்ல வேண்டும். ரிம் இலகுவானால் அந்தத் தள்ளலும் இலகுவாகும். ஆனால் கோண உந்தம் வேகத்தோடு கூடுவது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் தெரியும் வித்தியாசம், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை 25 கி.மீ. வேகத்தில் கடப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

எந்த உலோகம்?

பெரும்பாலான பைக்குகளில் கம்பெனியிலிருந்து வருவது அலுமினியக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பு வீல். வார்ப்பில் நுண்துளைகள் தங்கிவிடலாம் என்பதால் பாதுகாப்புக்காகக் கனமாகவே செய்வார்கள். ஃபோர்ஜ்டு வீல் அப்படியல்ல. திட உலோகக் கட்டியைச் சூடாக்கி, ராட்சத பிரஸ்ஸில் அழுத்தி, பிறகு கடைந்தெடுப்பார்கள். கொல்லுப்பட்டறையில் அடித்து உருவாக்கிய அரிவாளைப் போல உலோகத்தின் உள் இழைகள் இறுகி வலுப்பெறுகின்றன. அதனால் மெல்லியதாகச் செய்தாலும் தாங்கும்.

மெக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்துக்கு 2.7. ஆனால் மெக்னீசியத்தின் விறைப்பும் அதே விகிதத்தில் குறைவு. இருந்தும் அது ஏன் வெல்கிறது? ஒரே எடையில் தடிமனாகச் செய்ய முடிவதால்தான். தடிமன் கூடினால் வளைவதை எதிர்க்கும் திறன் பன்மடங்கு கூடும். மோட்டோஜிபி வண்டிகளில் ஃபோர்ஜ்டு மெக்னீசிய வீல்கள் இடம்பெறுவது இதனால்தான். ஆனால் அது எளிதில் அரிக்கப்படும் உலோகம். டயர் மாற்றும்போது பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தாலும் அரிப்பு தொடங்கிவிடும். கடலோர ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

கார்பன் ஃபைபர் இன்னும் இலகு. 2019-இல் வந்த பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் 197 கிலோ. கார்பன் வீல், இலகு பேட்டரி அடங்கிய ‘எம்’ தொகுப்போடு 193.5 கிலோ. ஆனால் பள்ளத்தில் மோதினால் அலுமினியம் நெளியும், நெளிவு கண்ணுக்குத் தெரியும். கார்பனில் மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்க, உள்ளடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதைக் கண்டறிய அல்ட்ராசவுண்ட் போன்ற சோதனை தேவை. பெண்டு எடுக்கும் கடைக்காரரால் ஆகாது.

வாங்கும்போது

எடையைக் கேட்பதற்கு முன், வீல் உங்கள் மாடலுக்கென்றே செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ரிம்மின் அகலம் பழைய அளவாகவே இருக்கட்டும். ஏபிஎஸ் சென்சார் வளையம் சரியாகப் பொருந்த வேண்டும். பின்சக்கரத்தில் செயினின் உதறலை உள்வாங்கும் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். சில பந்தய வீல்களில் அது இருக்காது, கியர்பாக்ஸ் அடி வாங்கும். ஜப்பானின் ஜேடபிள்யூஎல் போன்ற தரச் சோதனையில் தேறியதா, எவ்வளவு சுமை தாங்கும் என்ற விவரம் இல்லாத மலிவுப் போலியைத் தொடவே வேண்டாம். மாட்டிய பிறகு வீல் பேலன்ஸ் செய்து, சஸ்பென்ஷனையும் புது எடைக்கேற்பத் திருத்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவருக்கு எடை குறைந்த வீல் நிச்சயம் பயன் தரும். குழிகள் நிறைந்த நம் சாலையிலும் அதே வண்டி ஓட வேண்டுமென்றால் ஃபோர்ஜ்டு அலுமினியமே ஏற்றது. தினமும் அலுவலகம் போய்வருபவர் அந்தப் பணத்தில் ஒரு பங்கை நல்ல டயருக்கும் சஸ்பென்ஷன் சர்வீஸுக்கும் செலவிட்டாலே போதும். மிச்சம் பையில் இருக்கட்டும்.